ஏர்ஸ்ட்ரீம் பேம்பி: 1:24 அளவில் தகடு தகடாக

கேள்வி இது: “1:24 அளவில் பழைய அமெரிக்கக் கார் மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். அதன் பின்னால் பூட்ட, அந்தக் காலத்து வெள்ளி நிற ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) செய்ய ஆசை. பிளாஸ்டிக் கிட் ஒட்டிப் பழக்கம் உண்டு. கிட் இல்லாமல் நானே முழுக்கச் செய்ததில்லை. அந்த உருண்டையான உடம்பை எப்படிக் கொண்டுவருவது? ஒரு சிறு துண்டில் சில்வர் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன், பொம்மையாகத்தான் தெரிகிறது.”

முதலில் ஸ்பிரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகிறது. சில்வர் பெயின்ட் தரமில்லாததால் அது பொம்மையாகத் தெரியவில்லை. எவ்வளவு உசத்தியான பெயின்ட் அடித்தாலும் உடம்பு முழுக்க ஒரே மேற்பரப்பாகிவிடும். நிஜ ஏர்ஸ்ட்ரீமில் அப்படி ஒரே மேற்பரப்பு கிடையாது. பல தனித்தனி அலுமினியத் தகடுகளை வளைத்து, ஒன்றின் விளிம்பை இன்னொன்றின் மேல் ஏற்றி, ஆயிரக்கணக்கான ரிவெட் அடித்துச் சேர்த்த கூடு அது. ஒவ்வொரு தகடும் வெளிச்சத்தைத் தன் கணக்கில் திருப்பி அனுப்பும். பக்கத்துப் பக்கத்துத் தகடுகளில் ஒன்று வெளுப்பாகவும் ஒன்று கருத்தும் தெரியும். கண் இதைத்தான் உலோகம் என்று நம்புகிறது. ஆகவே மாதிரியையும் தகடு தகடாகவே போர்த்துங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு முடிவைச் செயல்படுத்தும் வழிதான்.

இந்தக் கூடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வேலை சுலபமாகும். ஹாலி போலஸ் என்பவர் கிளைடர் கட்டுபவர். 1927 இல் சான் டியேகோவின் ரையன் நிறுவனத்தில், லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அவர் 1934 இல் ரோடு சீஃப் என்ற ரிவெட் அடித்த அலுமினிய டிரெய்லரை வெளியிட்டார். அதன் கதவு முன்புறம், இழுவைச் சட்டத்துக்கு மேலே இருந்தது. தொழில் நொடித்துப் போனது. லாஸ் ஏஞ்சலஸ்காரரான வாலி பையம் அந்த வடிவத்தை எடுத்து, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936 இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்று விற்றார். விலை 1,200 டாலர், அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் பெரிய தொகை. எடை எவ்வளவு குறைவு என்று காட்ட, 1947 இல் ஆல்ஃபிரட் லெட்டூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் ஒரு ஏர்ஸ்ட்ரீமைச் சைக்கிளில் கட்டி இழுத்தார். அந்தப் படம் நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மொத்தத்தில் நீங்கள் செய்யப்போவது சக்கரம் வைத்த விமான உடல். விமான மாதிரி செய்பவர்களின் பழக்கங்களை, குறிப்பாக ஃபாயில் போர்த்துவதையும் ரிவெட் போடுவதையும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எந்த ஏர்ஸ்ட்ரீம்? முதல் முறைக்கு பேம்பி என்ற சிறிய மாடலை எடுங்கள். 1961 இல் வந்தது, கொக்கி வரை சேர்த்து 16 அடி, ஒற்றை அச்சு. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1963 ஆம் ஆண்டு பேம்பி ஒன்றைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது, அதனால் எல்லாக் கோணத்திலும் நல்ல படங்கள் கிடைக்கும். 1:24 இல் 203 மி.மீ. நீளம் வரும், உங்கள் காருக்குப் பின்னால் அளவாக இருக்கும். 1:43 இல் 113 மி.மீ. தான், அங்கே ரிவெட் கண்ணுக்கே தெரியாது. 1:12 இல் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். உள்ளறை வேலை பிடித்தவர்களுக்கு அது அருமையான அளவு, ஆனால் காரோடு சேராது.

படம் சேகரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இன்று இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி மறுசீரமைத்த வண்டிகள். கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஏசி, முகம் பார்க்கும் அளவு பளபளப்பு, புதுச் சக்கரம் எல்லாம் பெரும்பாலும் பிற்காலத்து வேலை. அந்தக் காலத் தகட்டில் கலப்பு அலுமினியத்தின் மேல் சுத்த அலுமினியம் மெல்லிய படலமாக இருக்கும். மணிக்கணக்கில் பாலிஷ் போட்டால் அது கண்ணாடியாகும். கடையிலிருந்து வந்தபோது அப்படி இருந்ததில்லை. 1961 இல் ஷோரூமில் நின்ற வண்டியா, நாற்பது வருடம் வெயில் தின்ற வண்டியா, இன்றைக்குப் பாலிஷ் போட்ட வண்டியா என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். மூன்றையும் கலந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ இடிக்கும். என் விருப்பம் முதலாவது. மங்கிய வெள்ளி நிறத்தில் தகடுகளின் வித்தியாசம் நன்றாகத் தெரியும், கண்ணாடிப் பளபளப்பில் அது அமுங்கிப்போகும். பழைய விளம்பரக் கையேடுகளின் ஸ்கேன்களைத் தேடினால் தரைப்படமும் கிடைக்கும். உள்ளறை அமைப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறியதால் உங்கள் வண்டியின் ஆண்டுக்கான படத்தையே பாருங்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். முதலில் ஒரு கட்டை அச்சு வேண்டும். குமிழ் மரம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு: எடை குறைவு, சீவ இணக்கம், இழை அவ்வளவாகப் பிய்யாது. பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், முன் தோற்றம் மூன்றையும் அளவுக்கு அச்செடுத்து அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள். அவை உங்கள் வார்ப்புருக்கள். சீவும்போது நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே வளைவு என்று நினைத்துச் சீவ வேண்டாம், படத்தைப் பார்த்து இரண்டுக்கும் தனி அட்டை வெட்டுங்கள். பக்கச் சுவரும் நேர்ச்சுவர் கிடையாது, அடியில் மெதுவாக உள்வாங்கும். அந்த உள்வாங்கல் இல்லாவிட்டால் பெட்டியாகிவிடும்.

இந்த உள்வாங்கலால்தான் முழு உடம்பையும் ஒரே அச்சில் வேக்யூம் ஃபார்மிங் (சூடாக்கிய பிளாஸ்டிக் ஷீட்டை அச்சின் மேல் இறக்கி, காற்றை உறிஞ்சிப் படியவைக்கும் முறை) செய்ய முடியாது; பிளாஸ்டிக் அடிப்பக்கம் இறுகிக் கழற்ற வராது. அதனால் கட்டையை நீளவாக்கில், கூரையின் நடுக்கோட்டில் இரண்டாக அறுத்து, இடப்பாதி வலப்பாதி என்று தனித்தனியாக எடுங்கள். இதை முன்கூட்டியே யோசித்து, இரண்டு துண்டு மரத்தை நடுவில் ஒரு தாள் வைத்து ஃபெவிகாலில் ஒட்டிச் சீவத் தொடங்கினால், முடிந்ததும் உளியை நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் சுத்தமாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு பாதியையும் 8 மி.மீ. உயரப் பலகைத் துண்டின் மேல் ஏற்றி வையுங்கள், விளிம்பு கூர்மையாக வரும். 1 மி.மீ. ஹிப்ஸ் (ஒருவகை ஸ்டைரீன் பிளாஸ்டிக்) ஷீட் போதும். சூட்டில் நடுப்பகுதி தொய்ந்து, சுருக்கமெல்லாம் போய், மேற்பரப்பு வழவழப்பாகும் நேரம்தான் இறக்க வேண்டிய நேரம். வாக்வம் கிளீனர் பூட்டிய சாதாரணப் பெட்டியே இதற்குப் போதும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. கட்டையை இறுதி அளவைவிட ஷீட்டின் கனத்துக்குச் சிறிதாகச் சீவ மறக்க வேண்டாம்.

இவ்வளவு ஏற்பாடு வேண்டாம் என்றால் இரண்டு மாற்று உண்டு. ஒன்று, 3டி பிரிண்ட். சென்னை, கோவை போன்ற ஊர்களில் கோப்பைக் கொடுத்தால் அச்செடுத்துத் தருகிறார்கள், அடுக்குக் கோடுகளைத் தேய்த்து எடுக்கும் வேலை மட்டும் உங்களுடையது. இன்னொன்று, கட்டையையே உடம்பாக வைத்துக்கொண்டு, ஜன்னல்களை 2 மி.மீ. ஆழம் குடைந்து, உள்ளே திரைச்சீலை இழுத்து மூடியதாகக் காட்டுவது. முதல் மாதிரிக்கு இது கௌரவமான வழிதான்.

பாதிகள் ஒட்டியதும் கார் டிங்கரிங் பட்டி போட்டு, உப்புத்தாள் 400, 800, 1500 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து மறுபடி தேயுங்கள். பெயின்ட் சின்னக் குறைகளை மூடும். ஃபாயில் மூடாது, பெரிதாக்கிக் காட்டும். கண் மூடி விரல் நுனியால் தடவிப் பார்த்தால் எதுவும் தட்டக்கூடாது. ஜன்னல், கதவுத் திறப்புகளையும் இந்தக் கட்டத்திலேயே வெட்டிவிடுங்கள்.

இப்போது தகடு. நிஜத்தில் வெளித்தகடு 0.032 அங்குலம், அதாவது 0.8 மி.மீ. 24 ஆல் வகுத்தால் 0.03 மி.மீ.க்குச் சற்று மேல். ஏசி டக்ட் வேலைக்கு விற்கும் அலுமினிய டேப்பின் ஃபாயில் கிட்டத்தட்ட அதே கனம்! ஹார்டுவேர் கடையில் ஒரு ரோல் வாங்கினால் பல டிரெய்லருக்கு வரும். குளிர்பான கேன் தகடு 0.1 மி.மீ. அளவில் இருக்கும், நிஜத்தில் அது 2.4 மி.மீ. தகட்டுக்குச் சமம், விளிம்பில் படிக்கட்டாகத் தெரியும். சமையலறை ஃபாயில் இதைவிட மெல்லியது, தனியாகப் பசையும் தடவ வேண்டும், சுருக்கம் விழும். பின்தாள் வைத்த டேப்பாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்று இப்போது சொல்கிறேன்.

ரிவெட்டை ஒட்டுவதற்கு முன்பே போட வேண்டும், அதுவும் பின்பக்கத்திலிருந்து. டேப் துண்டை முகம் கீழாக ஒரு ரப்பர் மேட்டின் மேல் வைத்து, பின்தாளின் மேல் ஸ்கேல் பிடித்து, பல்சக்கரத்தை உருட்டினால், முகப்பக்கத்தில் வரிசையாகக் குமிழ்கள் எழும்பும். 1:24 இல் 1 மி.மீ. என்பது நிஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம், மனதில் வைத்துக்கொள்ள வசதியான கணக்கு. ரிவெட் தலை நிஜத்தில் 6 மி.மீ. என்று கொண்டால் மாதிரியில் கால் மில்லிமீட்டர். தையல்காரர் டிரேசிங் வீலின் பற்கள் இதற்கு மிக அகலமாக இருக்கும். மாடல் செய்பவர்களுக்கென்றே விற்கும் ரிவெட் வீல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய டைம்பீஸ் கடிகாரத்திலிருந்து சின்னப் பல்சக்கரம் ஒன்றைக் கழற்றி, இரண்டு பக்கமும் அரம் போட்டுச் சரித்து, ஒவ்வொரு பல்லையும் ஒரு முனையாக்குங்கள். சரிக்காமல் உருட்டினால் புள்ளி விழாது, குட்டிக் கோடு விழும். அதை ஒரு ஊசியில் கோத்துப் பிடி போட்டால் கருவி தயார். படத்தில் ரிவெட் வரிசை எங்கே ஒற்றை, எங்கே இரட்டை, எங்கே நெருக்கம் என்று எண்ணிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி போட்டால் வேலைப்பாடு தட்டையாகிவிடும்.

வரிசை முக்கியம். நிஜ வண்டியில் மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஏறி நிற்கும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக்கூடாதே. ஆகவே நீங்களும் அடியிலிருந்து தொடங்கிக் கூரையில் முடியுங்கள். ஒட்டும்போது பின்தாளை ஒரு விளிம்பில் மட்டும் உரித்து நிலைநிறுத்தி, மீதியை மெதுவாக இழுத்துக்கொண்டே பஞ்சு பட்ஸால் அழுத்திச் செல்லுங்கள். ரிவெட் வரிசையின் மேல் பட்ஸ் ஏறக்கூடாது. வரிசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தினால் போதும். ஒருமுறை மேலே ஏறினால் குமிழ்கள் படுத்துவிடும், பிறகு எழுப்ப முடியாது.

முன், பின் முகப்புகள்தான் கஷ்டமான இடம். அங்கே வளைவு இரண்டு திசையிலும் போகிறது, ஒரே தகட்டால் போர்த்த முடியாது. ஏர்ஸ்ட்ரீம்காரர்களுக்கும் முடியவில்லை, ஆரஞ்சுச் சுளை வடிவில் தகடுகளை வெட்டி உச்சியை நோக்கிச் சேர்த்தார்கள். கலிஃபோர்னியா தொழிற்சாலை வண்டிகளில் 13 சுளை முகப்பும், ஓஹாயோவின் ஜாக்சன் சென்டர் வண்டிகளில் 7 சுளை முகப்பும் பிரபலம். பழைய ஏர்ஸ்ட்ரீம் பிரியர்கள் தூரத்திலிருந்தே சுளையை எண்ணித் தொழிற்சாலையைச் சொல்வார்கள். நீங்கள் பார்த்துச் செய்யும் வண்டியின் படத்தில் எண்ணிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சுளைக்கு வார்ப்புரு எடுக்க, முகப்பில் மாஸ்கிங் டேப்பை நெருக்கமாக ஒட்டி, பென்சிலால் சுளைக் கோடுகளை வரைந்து, கத்தியால் கீறி, ஒவ்வொன்றாக உரித்து அட்டையில் படியுங்கள். இடப்பக்கச் சுளையின் வார்ப்புருவைத் திருப்பிப் போட்டால் வலப்பக்கத்துக்கு ஆகும், பாதி வேலை மிச்சம். சுற்றிலும் அரை மில்லிமீட்டர் மேலேற்றத்துக்கு விட்டு வெட்டுங்கள். ஒட்டும்போது சுளையின் நடுவிலிருந்து விளிம்புக்கு அழுத்துங்கள். ஃபாயில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அந்தக் கொஞ்சமே இங்கே போதும். விளிம்பில் இன்னும் மடிப்பு நின்றால் சுளை அகலம் அதிகம் என்று பொருள். உரித்துவிட்டு வேறு வெட்டுங்கள், அழுத்தி மறைக்கப் பார்க்க வேண்டாம்.

ஜன்னல் திறப்பின் மேல் ஃபாயிலைத் தாண்டவிட்டு ஒட்டி, பிறகு நடுவில் குறுக்கு வெட்டுப் போட்டு நாலு பக்கமும் உள்ளே மடியுங்கள். விளிம்பு கத்தியால் வெட்டியதைவிடச் சுத்தமாக வரும்.

போர்த்தி முடிந்ததும் ஒவ்வொரு தகட்டின் நடுப்பரப்பையும் மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் ஒரே திசையில் லேசாகத் தேய்க்க வேண்டும், ரிவெட் வரிசையைத் தொடாமல். ஒன்று நீளவாக்கில், அதற்கு அடுத்தது சற்றுச் சாய்வாக. அடுத்த தகட்டை மாஸ்கிங் டேப்பால் மறைத்துக்கொள்ளுங்கள். இது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஜன்னலோரம் வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள்: ஒரு தகடு மங்கும்போது பக்கத்துத் தகடு மினுங்கும். உங்கள் ஸ்பிரேயில் வராமல் போனது இதுதான். மேலே வார்னிஷ் அடிக்க வேண்டாம், உலோகத்தின் உயிர் போய்விடும். கைரேகையை மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

கண்ணாடிக்கு ஓஎச்பி ஷீட் போதும். ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள், அதன் ஆவி பட்டாலே கண்ணாடி வெளுக்கும். வெள்ளை ஃபெவிகால் போதும். ஜன்னல் சட்டங்களை மெல்லிய ஸ்டைரீன் பட்டையில் செய்து அதே டேப்பைச் சுற்றுங்கள்.

உள்ளறையைப் பற்றி ஒன்று மட்டும். அறுபதுகளில் உட்சுவரும் அலுமினியம்தான், அதன் மேல் சோலாடோன் என்ற புள்ளிப்புள்ளியான பெயின்ட் அடித்திருப்பார்கள். வெளிர் சாம்பல் அடித்து உலரவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷில் வெள்ளையும் பழுப்பும் தொட்டு விரலால் சிலிர்த்துத் தெளித்தால் அச்சாக வரும். உள்ளறை தெரிய வேண்டுமென்றால் கூட்டைத் தரையோடு ஒட்டவே வேண்டாம். நிஜத்திலும் இரும்புச் சேசிஸ், அதன்மேல் பிளைவுட் தரை, தரை ஓரமாக ஓடும் அலுமினிய சேனலில் கூட்டை இறக்கிப் பூட்டுவது என்றுதான் கட்டினார்கள். அதே முறையில் தரையின் ஓரத்தில் ஒரு ஸ்டைரீன் விளிம்பு வைத்துவிட்டால், கூடு அதைப் பிடித்துக்கொண்டு உட்காரும், தூக்கவும் வரும்.

சேசிஸ் எளிது: இரண்டு நீளச் சட்டம், குறுக்குச் சட்டங்கள், முன்னால் ஏ வடிவ இழுவைச் சட்டம், அதன்மேல் எரிவாயு சிலிண்டர். அறுபதுகளின் ஏர்ஸ்ட்ரீமில் லாரிக்கு இருப்பது போன்ற ஸ்பிரிங் பட்டை கிடையாது. அச்சுக் குழாய்க்குள் ரப்பரை வைத்து அதன் முறுக்கில் அதிர்ச்சியைத் தாங்கவைத்தார்கள். வயிற்றுப்பக்கமும் தகடு போர்த்தியிருப்பதால் அடியில் பெரிதாகத் தெரிவது ஒன்றுமில்லை. சக்கர வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு, சக்கரமில்லாத ஏர்ஸ்ட்ரீம் ஒன்றும் வரலாற்றில் உண்டு. 1969 ஜூலையில் நிலாவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களை ஹார்னெட் கப்பலில் அடைத்து வைத்த தனிமைக்கூடம், ஏர்ஸ்ட்ரீமை மாற்றிச் செய்ததுதான். அதிபர் நிக்சன் அதன் ஜன்னல் வழியாகத்தான் அவர்களோடு பேசினார். இப்போது அது வர்ஜீனியாவில் ஸ்மித்சோனியனின் உட்வர்-ஹேஸி மையத்தில் இருக்கிறது.

பேம்பிக்கு ஒற்றை அச்சு என்பதால் எடையைக் கவனியுங்கள். பின்பக்கம் கனமானால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு இரண்டு மூன்றை அச்சுக்கு முன்னால், தரைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். நிஜ வண்டியிலும் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொக்கியில் இறங்கும்படி வைப்பார்கள், இல்லாவிட்டால் வேகத்தில் டிரெய்லர் ஆடும்.

கதவு வலப்பக்கம். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், நடைபாதையில் இறங்கக் கதவும் அந்தப் பக்கம். இடப்பக்கம் போய்ப் பழகிய நம் கை தானாக இடப்பக்கம் வெட்டப் பார்க்கும், வார்ப்புரு அட்டையிலேயே குறித்து வையுங்கள். காரோடு பூட்டும்போது டிரெய்லரின் தரை மட்டமாக நிற்க வேண்டும். அதனால் காரின் பம்பருக்கு அடியில் பந்துக் கொக்கியின் உயரத்தை அளந்த பிறகே இழுவைச் சட்டத்தை ஒட்டுங்கள். பந்துக்குக் குண்டூசித் தலை சரியான அளவு. பாதுகாப்புச் சங்கிலிக்கு மெல்லிய கவரிங் சங்கிலி போதும். சங்கிலிக் கண்ணி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் அடுப்புக் கரி போன்ற கருப்பில் ஒரு கோட் அடித்துவிடுங்கள், உறுத்தாது.